லிப்ட்டுக்குள்ளிருந்து ‘வாப்பா’ என்று கூப்பிட்டால் ஏன் சிரிப்பு வருகிறது?

 

நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளின் ஒலி நாடகத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போனவர்கள் தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் எழுதுகிறோம்.

கடந்த வாரம் ஒரு மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கொப்பி. நாடகத்தில் தனக்கு வரும் வசனங்கள் முழுவதையும் அதில் அழகான கையெழுத்தில் திருத்தி எழுதியிருந்தாள். ‘வாப்பா’ என்று இருந்த இடமெல்லாம் ‘தந்தையே’. ‘ஒண்ணும் வெளங்குதில்ல’ என்பது ‘எனக்கு எதுவுமே புரியவில்லை’. ‘வெளியே ஒரே இருட்டா ஈக்கி’ என்பது ‘வெளியே காரிருள் சூழ்ந்துள்ளது’.

ஏன் மகள் என்று கேட்டோம்.

“கொமன்ட் எல்லாம் வாசிச்சேன் சேர்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்தப் பதிவுக்குக் காரணம் அந்தக் கொப்பிதான்.

தெரியாதவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் மாத்தளை மாவட்டத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் படிப்பிக்கும் மூன்று ஆசிரியர்கள். ஒருவர் தமிழ், ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் நூலகம். தரம் 10, 11 பிள்ளைகளை வைத்து 22 நிமிடத்துக்கு ஒரு விஞ்ஞானக் கற்பனை ஒலி நாடகம் செய்தோம். ஸ்டூடியோ கிடையாது. நூலகத்தின் மூலையில் இரண்டு மெத்தையை நிறுத்தி, நடுவில் ஒரு கைத்தொலைபேசியை வைத்து ஒலிப்பதிவு செய்தோம். லிப்ட் ஏறும் சத்தம் ஒரு பழைய தையல் மெஷினுடையது. காற்றுக் கசியும் சத்தம் பிரஷர் குக்கர் விசில். ரேடியோ இரைச்சலுக்கு மாத்திரம் பாடுபடவில்லை. அது உண்மையான ரேடியோவிலேயே தாராளமாகக் கிடைத்தது.

கதை இதுதான். இன்னும் அறுபது எழுபது வருடங்களுக்குப் பிறகு, ரிவஸ்டன் உச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிப்ட் ஓடுகிறது. அதில் வேலை செய்யும் பொறியியலாளர் உக்குவெலையில் பிறந்த ஒரு பெண். ஒரு நாள் லிப்ட் நடுவழியில் நின்றுவிடுகிறது. கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. கிடைக்கிற ஒரே அலைவரிசையில் பதில் சொல்பவர் ரத்தோட்டையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் அவளுடைய வாப்பா. கண்ணுக்குத் தெரியாத ஒரு இயந்திரத்தை, மகள் சொல்லச் சொல்லக் காதால் கேட்டுத் திருத்த வேண்டும். “பயப்படாதீங்க மகள். கைய வெச்சிப் பாருங்க, சூடா ஈக்கா?” என்று அவர் கேட்கிற இடத்தில்தான் நாடகம் தொடங்குகிறது.

காதால் மட்டும் கேட்கிற நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எங்களுக்குக் கிடைத்திருக்காது. வாப்பாவுக்கும் மகளைத் தெரியாது, கேட்கிற நமக்கும் தெரியாது. அவர் இருக்கிற இருட்டில்தான் நாமும் இருக்கிறோம்.

வட்ஸ்அப்பில் போட்டோம். பிறகு யாரோ பேஸ்புக்கில் ஏற்றினார்கள். நாங்கள் நினைத்ததை விடப் பல மடங்கு பேர் கேட்டார்கள். கருத்துகளும் வந்தன. எல்லாவற்றையும் வாசித்தோம். அவற்றை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

முதல் குவியல் எங்களுக்குச் சந்தோஷம் தந்த குவியல். அதில் பாராட்டை விடத் திட்டுத்தான் அதிகம்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: “400 கிலோமீற்றர் உயரத்தில் லிப்ட் நிற்கிறது. அந்தப் பிள்ளை காற்றில் மிதக்கிறது. பிழை!” பிழைதான். ஒப்புக்கொள்கிறோம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மிதப்பது அங்கே புவியீர்ப்பு இல்லாததால் அல்ல. அந்த நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீற்றர் வேகத்தில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பவர்களும் அதோடு சேர்ந்து விழுகிறார்கள். அதனால் மிதக்கிறார்கள். எங்கள் லிப்ட் விழவில்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த உயரத்தில் புவியீர்ப்பு தரையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் குறையும். தரையில் 50 கிலோ காட்டும் தராசு அங்கே ஏறக்குறைய 44 கிலோ காட்டும். அவ்வளவுதான்.

இந்தத் திருத்தத்தால் எங்கள் நாடகம் நல்லதாகிவிட்டது என்றால் நம்புவீர்களா? முதல் பிரதியில் ஒரு தேநீர்க் கோப்பை சத்தமே இல்லாமல் மிதந்தது. சத்தமே இல்லாத ஒன்றை ஒலி நாடகத்தில் எப்படிக் காட்டுவது? “ஐயோ கோப்பை மிதக்குதே” என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. புதிய பிரதியில் லிப்ட் குலுங்கும்போது கோப்பை விழுந்து உடைகிறது. கீழே வாப்பாவுக்கு அது கேட்கிறது. “என்ன மகள் ஒடஞ்ச?” என்கிறார். விஞ்ஞானம் சரியானவுடன் நாடகமும் சரியாகிவிட்டது. அந்த ஆசிரியருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

இன்னொருவர் நேரத் தாமதத்தைப் பிடித்தார். நாடகத்தின் கடைசியில் லிப்ட் 36,000 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து அவள் கதைக்க, பதில் வர நான்கு வினாடி எடுக்கிறது என்று பிள்ளைகள் வைத்திருந்தார்கள். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போகிறது. அந்தத் தூரத்துக்குப் போய்வர வினாடியில் கால் பங்கு போதும். இதையும் திருத்திவிட்டோம்.

மூன்றாமவர் கேட்டார்: “விண்வெளி லிப்ட்டின் அடி பூமத்திய ரேகையில் அல்லவா இருக்க வேண்டும்? ரிவஸ்டனில் எப்படி?” நல்ல கேள்வி. இந்தக் கேள்வி ஆதர் சி. கிளார்க்குக்கும் இருந்தது. 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தவர். 1979இல் வெளிவந்த அவருடைய ‘தி பவுன்டன்ஸ் ஒவ் பரடைஸ்’ நாவல் இப்படியொரு லிப்ட்டைப் பற்றியதுதான். நாங்கள் பாவாதமலை என்று சொல்லும் சிவனொளிபாதமலையை மனதில் வைத்து ஒரு மலையை உண்டாக்கி, அதில் லிப்ட்டின் அடியை நாட்டினார். அதற்காக முழுத் தீவையும் 800 கிலோமீற்றர் தெற்கே இழுத்துப் பூமத்திய ரேகையில் போட்டுவிட்டு, அதைப் பின்னுரையில் ஒளிக்காமல் சொல்லியும் விட்டார். எங்கள் பிள்ளைகள் தீவை நகர்த்த மறந்துவிட்டார்கள். புதிய பிரதியில் அதற்கு ஒரு வசனம் சேர்த்திருக்கிறோம்.

இந்த மாதிரிக் கருத்துகள் ஆயிரம் வந்தாலும் எங்களுக்குக் கோபம் வராது. ஒரு நாடகத்தை உண்மையாகக் கேட்டவனால்தான் அதில் பிழை பிடிக்க முடியும்.

இரண்டாவது குவியலுக்கு வருகிறோம்.

“ஹா ஹா, நானா விண்வெளிக்குப் போனா அங்கயும் கடை போட்டிருவாரு.”

“கதை நல்லம். ஆனா இந்தப் பேச்சு கொமெடிக்குத்தான் சரி. சீரியஸான இடத்தில சிரிப்பு வருது.”

“விஞ்ஞானம் என்றால் அதற்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. படங்களில் டப் பண்ணுகிற மாதிரிச் செய்திருக்கலாம்.”

“ஆசிரியர்களே பிள்ளைகளுக்கு இப்படிக் கொச்சைத் தமிழ் பழக்கினால் சமூகம் எப்படி உருப்படும்?”

கடைசிக் கருத்தை எழுதியவர் வேறு சமூகத்தவர் அல்ல, எங்கள் ஆள். அதுதான் அதிகம் வலித்தது. பெற்றோர் ஒருவர் நேரிலேயே வந்து சொன்னார்: “சேர், நம்மட வீட்டுப் பேச்ச ஏன் ஊருக்குக் கேக்க விட்டீங்க? வெக்கமா ஈக்கி.” அவர் வெட்கமாக இருக்கிறது என்று சொன்னதும் அதே பேச்சில்தான்.

இந்தக் கருத்துகள் எதிலும் கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. லிப்ட் ஏன் நின்றது, வாப்பா சொன்ன வழி சரியா, முடிவு பொருந்துகிறதா, யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை தன் வாப்பாவை வாப்பா என்று கூப்பிட்டது. அதற்குச் சிரிப்பு. அவ்வளவுதான்.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தோம். வானத்திலிருந்து விழவில்லை. எங்களுக்குத் தெரிந்த வரையில் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு வானொலிக்குள்ளேயே இருக்கிறது.

இலங்கை வானொலியின் தமிழ் நாடகம் பேச்சுத் தமிழால் வாழ்ந்த நாடகம். சானா என்று எல்லோரும் சொன்ன சண்முகநாதனின் காலத்து ‘லண்டன் கந்தையா’வை இன்றும் பெரியவர்கள் நினைத்துச் சிரிக்கிறார்கள். கே. எஸ். பாலச்சந்திரனின் ‘வாத்தியார் வீட்டில்’ யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையை அப்படியே தூக்கி வந்து மாத்தளையில் எங்கள் வீடுகளுக்குள் வைத்தது. எங்களுடைய உம்மாமாருக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரையும் தெரியாது. ஆனால் ‘அண்ணை றைட்’ தெரியும். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ ஒலிபரப்பான நேரத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தில் கதைத்தால் அடி விழும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். யாரும் “யாழ்ப்பாணத் தமிழில் அழுதால் எங்களுக்கு அழுகை வராது” என்று சொல்லவில்லை. அழுதார்கள்.

எங்கள் பேச்சும் வானொலிக்குள் போனது. எப்படிப் போனது என்பதுதான் விஷயம். ‘கோமாளிகள்’ ஞாபகம் இருக்கிறதா? வானொலியில் வந்து, மக்கள் கொண்டாடி, 1976இல் திரைப்படமாகவும் ஆன தொடர். அதில் மரிக்காராக நடித்தவர் எஸ். ராமதாஸ். ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீட். அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன். ஒரு ராமதாஸ் முஸ்லிமாகவும் ஓர் அப்துல் ஹமீட் ஐயராகவும் கதைத்து, முழு நாட்டையும் சிரிக்க வைத்த காலம் அது. இன்றைக்கு நினைத்தால் கண் கலங்குகிறது. ராமதாஸ் சாகும் வரைக்கும் ‘மரிக்கார் ராமதாஸ்’தான். அந்தப் பெயரை அவர் சுமையாக நினைக்கவில்லை. நாங்களும் அவரை எங்களில் ஒருவராகத்தான் நினைத்தோம். அவர் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் கிடையாது.

குறை அவருக்குப் பிறகு வந்தவர்கள் மேல். எல்லாச் சமூகத்து வீட்டுக்கும் எங்கள் பேச்சு சிரிப்பு வாசல் வழியாகப் போனது. போனது போனதுதான், அரை நூற்றாண்டாக அந்த வாசலிலேயே நிற்கிறது. முஸ்லிம் சேவையில் குடும்ப நாடகங்கள் வந்தன, உண்மை. அவற்றை நாங்கள்தான் கேட்டோம். பொது மேடைக்கு, பொது நாடகத்துக்கு, தொலைக்காட்சிக்கு முஸ்லிம் வருகிறான் என்றால் தொப்பியும் வெற்றிலைப் பெட்டியும் ‘எனத்தியன்’ என்ற சொல்லும் போதும். சபை சிரிக்கும். அவன் யோசிக்கிறான், பயப்படுகிறான், ஒரு கணக்கைப் போட்டு விடை காண்கிறான் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கேட்டுப் பழக்கமில்லை. அதனால்தான் லிப்ட்டுக்குள் ஒரு பிள்ளை உயிருக்குப் போராடும்போது உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. பிள்ளை நகைச்சுவையாக ஒன்றுமே சொல்லவில்லை. உங்கள் காது பழகியபடி சிரிக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. எங்கள் பாடசாலையில் தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுடைய பேச்சுக்கும் நாடகங்களில் ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் வீட்டு வேலைக்காரர் பாத்திரம். கட்டுப்பாட்டு அறைத் தலைவராக நடித்த மாணவன் லயத்திலிருந்து வருகிறவன். “என்னாங்க ஆச்சு, லைன் கெடக்கமாட்டேங்குது” என்று அவன் சொல்கிற இடத்துக்கும் சிரிப்புப் பொம்மைகள் விழுந்திருக்கின்றன. அவனும் வாசித்திருப்பான்.

“அதற்குத்தான் நல்ல தமிழில் செய்யுங்கள் என்கிறோம்” என்பீர்கள். செய்து பார்த்தோம் ஐயா. பிள்ளைகள் எழுதிய முதல் பிரதி முழுவதும் அந்தத் தமிழில்தான் இருந்தது. “ஓ கடவுளே! நாம் தாக்கப்படுகிறோம்!” “இல்லை, என்னால் உன்னை விட்டுவிட்டுப் போக முடியாது!” டப் செய்த கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். விண்வெளி என்றால் அப்படித்தான் கதைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். வாசித்துப் பார்த்தபோது யாருக்கும் யார் மேலும் பாசமில்லாத மாதிரி இருந்தது. வாப்பாவும் மகளும் இரண்டு வங்கி முகாமையாளர்கள் மாதிரிக் கதைத்தார்கள். அப்போது இந்த மாணவிதான், இன்று கொப்பியோடு வந்த அதே மாணவிதான் சொன்னாள்: “சேர், பயந்தா யாரு இப்படிப் பேசுவா? நான் என்டா ‘வாப்பா’ன்டு கத்துவேன்.” அந்த ஒரு வார்த்தையால்தான் பிரதி முழுவதும் மாறியது. இன்று அவளே அதை அழித்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

எழுத்துத் தமிழ் மேல் எங்களுக்குப் பகை இல்லை. எங்களில் ஒருவர் தமிழ்ப்பாட ஆசிரியர். பிள்ளை பரீட்சைத் தாளில் ‘ஈக்கி’ என்று எழுதினால் சிவப்புக் கோடு போடுகிறவர். செய்தி வாசிப்பதற்கு அறிவிப்பாளர் தமிழ் வேண்டும். பி. எச். அப்துல் ஹமீட்டின் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஒழுங்காக லகர ழகரம் வந்தது அவராலும் கே. எஸ். ராஜாவாலும். ஆனால் அதே அப்துல் ஹமீட் ஐயராக நடிக்கும்போது செய்தி வாசிக்கிற மாதிரியா கதைத்தார்? செய்திக்கு ஒரு தமிழ், நாடகத்துக்கு ஒரு தமிழ் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கருத்துப் போடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

விஞ்ஞானக் கற்பனை மட்டும் வேறு ஜாதி என்கிறீர்களா? உலகத்தில் பேர் வாங்கிய ஒலி நாடகங்களைப் பாருங்கள்.

1938 ஒக்டோபர் 30. அமெரிக்காவில் ஓர்சன் வெல்ஸ் குழுவினர் ‘வோர் ஒவ் த வேர்ல்ட்ஸ்’ நாடகத்தை ஒலிபரப்புகிறார்கள். எச். ஜி. வெல்ஸின் மூல நாவலில் செவ்வாய்க் கிரகத்தவர் இறங்குவது இங்கிலாந்தில். ஹவாட் கோச் எழுதிய வானொலிப் பிரதியில் அவர்கள் இறங்குவது நியூ ஜேர்சியில் குரோவர்ஸ் மில் என்ற சின்ன ஊரில். கதாபாத்திரங்கள் இலக்கியம் பேசவில்லை. அன்றாடம் மக்கள் கேட்கிற செய்தி அறிவிப்பாளர் மாதிரி, களத்தில் நின்று திணறுகிற நிருபர் மாதிரிக் கதைத்தார்கள். நாடே தெருவுக்கு ஓடியது என்பது பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்த கதை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் நம்பிப் பயந்தவர்கள் இருந்தார்கள். தங்கள் ஊரின் பெயர், தங்கள் ரேடியோவின் குரல் கேட்டதால் நம்பினார்கள்.

1949 பெப்ரவரியில் எக்குவடோரின் தலைநகர் கித்தோவில் இதையே ஸ்பானிய மொழியில், அயலூர்ப் பெயர்களைப் போட்டுச் செய்தார்கள். அங்கே உண்மையாகவே மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நாடகம் என்று தெரிந்ததும் கோபத்தில் வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். உயிர்கள் போயின. பெருமைப்படுவதற்கான சம்பவம் அல்ல. மக்களை ஏமாற்றிய குற்றம் நாடகக்காரர்களுடையது. ஆனால் சொந்த ஊர்ப் பெயரும் சொந்த மொழியும் விஞ்ஞானக் கற்பனைக்குள் வந்தால் சிரிப்புத்தான் வரும் என்கிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சிரிப்பு வேண்டுமா, அதற்கும் உதாரணம் இருக்கிறது. 1978 மார்ச் 8ஆம் திகதி பிபிசி ரேடியோ 4இல் டக்ளஸ் அடம்ஸின் ‘ஹிச்ஹைக்கர்ஸ் கைட் டு த கலக்ஸி’ தொடங்கியது. பூமியே அழிந்துபோகிறது. தப்பிய ஆங்கிலேயன் வீட்டு உடுப்போடு அண்டம் முழுக்க அலைந்து தேடுவது ஒரு கோப்பை தேநீரை. அவன் அண்டத்துக்குப் போனதும் ஆளே மாறி வேறு ஆங்கிலம் கதைக்கவில்லை. ஆங்கிலேயனாகவே இருந்தான். அதனால்தான் முதலில் வானொலியில் பிறந்த அந்தக் கதை நாவலாகி, தொலைக்காட்சித் தொடராகி, படமும் ஆனது. இங்கிலாந்துக்காரன் விண்வெளியில் தேநீர் தேடினால் இலக்கியம், எங்கள் பிள்ளை வாப்பாவைத் தேடினால் கொமெடியா?

தமிழிலும் அப்படித்தான். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் செந்தமிழில் குரைக்கவில்லை. சுஜாதாவின் சொந்தக் குறும்போடு கதைத்தது. மனிதர்களை விட அந்த நாயைத்தான் வாசகர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

“எங்கள் சமூகத்துக்கும் இந்த மாதிரிக் கற்பனைக்கும் என்ன சம்பந்தம், பிள்ளைகளைப் பாடம் படிக்க விடுங்கள்” என்ற கருத்துக்கும் ஒரு வார்த்தை. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது ‘அசன்பேயுடைய சரித்திரம்’. 1885இல் வெளிவந்தது. எழுதியவர் பக்கத்துக் கண்டியில் பிறந்த சித்திலெப்பை. எகிப்திலும் இந்தியாவிலுமாக ஓடுகிற சாகசக் கதை. 140 வருடங்களுக்கு முன்னால் கண்டிச் சோனகர் ஒருவருக்குக் கெய்ரோவரை போகிற கற்பனை இருந்தது. மாத்தளைப் பிள்ளைக்கு ரிவஸ்டனிலிருந்து மேலே போகிற கற்பனை இருக்கக் கூடாதா? கிளார்க்கின் அந்த நாவலில் சீகிரியாவும் வேறொரு பெயரில் வருகிறது. சீகிரியா எங்கே இருக்கிறது? எங்கள் மாவட்டத்தில். வெளியூரிலிருந்து வந்த ஒரு மனிதர் எங்கள் கற்பாறையைப் பார்த்து எதிர்காலத்தைக் கண்டார், உலகம் அவருக்குப் பரிசு கொடுத்தது. நாங்கள் பஸ்ஸில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

ஒரு நியாயமான மறுப்பும் வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்: “எங்களுக்குச் சில சொற்கள் புரியவில்லை. வெளியூர்க்காரர் கேட்க வேண்டுமென்றால் கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?” அவர் சிரிக்கவில்லை, கேட்க விரும்பியிருக்கிறார். அதனால் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாகப் பார்த்தோம். கதை விளங்குவதற்கு அவசியமான இடங்களில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லை வைத்தோம். வால்வு, பட்டரி, கேபிள் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். பாசம் வருகிற, பயம் வருகிற இடங்களில் கை வைக்கவில்லை. அங்கே சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கும். யாழ்ப்பாணத்து நாடகத்தில் எங்கள் உம்மாமாருக்கும் எல்லாச் சொல்லுமா விளங்கியது?

இனிச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைகளின் நாடகத்தை விமர்சியுங்கள். இரக்கம் காட்ட வேண்டாம். பிள்ளைகள்தானே என்று தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். பௌதிகம் பிழையென்றால் பிழையென்று எழுதுங்கள். நடு ஐந்து நிமிடம் இழுக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், உண்மை, வெட்டிவிட்டோம். இசை அதிகம் என்றார்கள், குறைத்துவிட்டோம். குரல் நடுங்கவில்லை, வசனம் நீளம், முடிவு அவசரம், எதையும் எழுதுங்கள். அவை எல்லாம் பிள்ளைகள் திருத்தக் கூடியவை.

ஆனால் ஒரு பிள்ளை வீட்டில் கதைக்கிற பேச்சைத் திருத்தச் சொல்வது விமர்சனமல்ல. ‘நீ இங்கே வரலாம், ஆனால் உன் வாப்பாவை வாசலில் விட்டுவிட்டு வா’ என்று சொல்வது அது. 15 வயதுப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள்? கொப்பியில் எழுதிக் காட்டிவிட்டது. விஞ்ஞானம் என் பேச்சுக்குள் வராது, எதிர்காலம் என் பேச்சுக்குள் வராது, அங்கே போக வேண்டுமென்றால் நான் வேறு யாராகவோ ஆக வேண்டும் என்று அது எழுதியிருக்கிறது. விஞ்ஞானப் பாடத்தைத் தாய்மொழியில் படிக்கிற பிள்ளை இப்படி நம்பத் தொடங்கினால், பிறகு எத்தனை ஆய்வுகூடம் கட்டியும் பிரயோசனமில்லை. இதை வகுப்பறையில் தினமும் பார்க்கிறவர்களாகச் சொல்கிறோம். கேள்விக்கு விடை தெரிந்தும் ‘சரியான தமிழ்’ வராததால் கையை உயர்த்தாமல் இருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

எங்கள் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வெட்கப்பட வேண்டாம். அந்த நாடகத்தில் லிப்ட்டைத் திருத்தியது யார்? கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெரிய கணினி அல்ல. ரத்தோட்டைக் கடையில் சொல்டரிங் கட்டையோடு உட்கார்ந்திருந்த வாப்பா. அவரைப் பிள்ளைகள் கற்பனை செய்தார்களா, கண்டு எழுதினார்களா என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த மாதிரி மனிதர்கள் எங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் உங்களைத்தான் எழுதியிருக்கிறார்கள். அதற்கு வெட்கப்பட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

மற்றப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்களும் செய்யுங்கள். தோட்டத்துப் பாடசாலை லயத்துப் பேச்சில் செய்யட்டும். மூதூரும் மன்னாரும் வல்வெட்டித்துறையும் அவரவர் பேச்சில் செய்யட்டும். ஒரு கைத்தொலைபேசியும் இரண்டு மெத்தையும் போதும். நாங்கள் எல்லாவற்றையும் கேட்டு, தயங்காமல் பிழை பிடிப்போம் இன்ஷா அல்லாஹ்.

திருத்திய பிரதியை வரும் சனிக்கிழமை காலை மீண்டும் ஒலிப்பதிவு செய்கிறோம். அந்த மாணவியின் கொப்பியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். எதையும் வற்புறுத்தவில்லை. ‘தந்தையே’ என்று சொல்ல விரும்பினால் அப்படியே சொல்லு, ‘வாப்பா’ என்று சொல்ல விரும்பினால் அப்படியே சொல்லு, உன் குரல் உன்னுடையது என்று மட்டும் சொன்னோம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இந்தப் பதிவை அவள் வாசிப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். கீழே வருகிற கருத்துகளையும் வாசிப்பாள்.

அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.